முயற்குட்டியும் கானாங்கோழிக் குஞ்சும்

புதுக்காணி துப்புரவு செய்யும்போது மாணாப்புல்லுக்குள் முயற்குட்டியொன்று தனியே கிடப்பதைக் காண்பதுண்டு. தாயில்லாக் குட்டியென்று எண்ணிப் பிள்ளைகள் தூக்கி வந்து பால்மா கரைத்து ஊட்டுவார்கள். பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. இடம்பெயர்ந்து வந்து நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் போடும் குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

கூட்டில் வளர்க்கும் முயல் வேறு, நம் மலையின் கறுத்த பிடரிக் காட்டுமுயல் வேறு. வளர்ப்பு முயலின் குட்டி மயிரில்லாமல், கண் திறவாமல் பிறக்கும். காட்டுமுயலோ வளை தோண்டுவதில்லை. புல்லை அமுக்கிப் படுத்து அங்கேயே ஈனும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் விலகியே இருந்து, இருட்டிய பிறகு வந்து சற்று நேரம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தன்னைத் தொடர்ந்து வரும் நரிக்குக் குட்டி அகப்படாதிருக்கவே இந்த ஒதுக்கம். ஆகவே தனியே கிடக்கும் குட்டி அநாதையல்ல. கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கானாங்கோழி இதற்கு நேர்மாறு. முகமும் மார்பும் வெள்ளை, வாலடி செங்காவி. சிங்களத்தில் கொரவக்கா என்பார்கள். மழைக்கால இரவில் கத்தித் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான்! கான் ஓரப் பற்றையில் கூடு கட்டும். கறுப்புப் பஞ்சுருண்டை போன்ற குஞ்சுகள் பொரித்த கையோடு நடக்கத் தொடங்கி, தாய் தகப்பன் இரண்டின் பின்னாலும் திரியும். ஆளைக் கண்டால் சிதறி ஒளியும். நாம் விலகினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

முயல் போஞ்சிக் கொழுந்தைக் கடிப்பது உண்மை, மறைக்கவில்லை. கானாங்கோழி கொத்துவது பெரும்பாலும் புழு, பூச்சி, நத்தை. ஆனால் சுருக்குக் கம்பிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. சுருக்கு வைத்த இடத்தில் நம் பிள்ளைகளும்தான் நடக்கிறார்கள்.

காட்டுமுயல் வளை தோண்டாத பிராணி என்பதால், இடுப்பளவு வலையடித்து அடியை இடைவெளியின்றி முளையடித்தால் பெரும்பாலும் போதும். புல் வெட்டும்போது நாலாபுறமும் வளைக்காமல் ஒரு பக்கமாகவே வெட்டிச் செல்லுங்கள். தாய்முயலுக்கு ஓட வழியிருக்கும். கான் ஓரப் பற்றையில் கூடு கண்டால், குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை அந்தத் துண்டை மட்டும் வெட்டாமல் வையுங்கள்.