சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் துப்பாக்கி

அபத்த நாடகம் என்றாலே தலையும் வாலும் இல்லாத கூத்து என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். 1961இல் மார்ட்டின் எஸ்லின் எழுதிய நூலால் இந்தப் பெயர் நிலைத்தது. இதன் ஒரு பிரிவை 'அச்சுறுத்தும் நகைச்சுவை' என்பார்கள். அச்சமும் சிரிப்பும் எப்படி ஒன்றுசேரும்? ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டர் 1957இல் எழுதிய 'தி டம் வெய்ட்டர்' என்ற ஓரங்க நாடகத்தைப் பார்த்தால் விளங்கும்.

பர்மிங்ஹாமில் ஒரு நிலவறை. பென், கஸ் என்ற இரண்டு கூலிக் கொலைகாரர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள். யாரைக் கொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாது. டீ போடலாம் என்றால் கேஸ் மீட்டரில் போடக் காசில்லை. 'கெட்டிலைப் பற்றவை' என்பது சரியா, 'கேஸைப் பற்றவை' என்பது சரியா என்று சண்டை வேறு! பென் கஸ்ஸின் கழுத்தையே பிடித்துவிடுகிறான்.

திடீரென்று சுவருக்குள் சத்தம். மேலிருந்து உணவுத் தட்டுகளை ஏற்றி இறக்கும் சிறிய தூக்குப்பெட்டி ஒன்று இறங்குகிறது. அதில் ஒரு சீட்டு: இன்னின்ன சாப்பாடு அனுப்பு! கேட்பது யார்? தெரியாது. இருந்தாலும் பதறிப்போய், பையில் வைத்திருந்த பிஸ்கட், சாக்லேட், பால் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புகிறார்கள். சரக்கு சரியில்லை, பால் புளித்துவிட்டது என்று மேலிருந்து புகார்! துப்பாக்கி வைத்திருக்கும் பென் பணிவாக மன்னிப்புக் கேட்கிறான்.

நாம் சிரிக்கிறோம். எங்கள் வியாபாரத்தில் பெயரில்லாமல் ஆர்டர் வந்தால் யார், எந்த ஊர் என்று விசாரிக்காமல் ஒரு மூட்டைகூட நகராது. இவர்களோ ஆளையே கொல்கிறார்கள், விசாரிப்பதில்லை. கஸ் மட்டும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பென் ஒவ்வொரு முறையும் அவன் வாயை அடைக்கிறான்.

கடைசியில் கொல்லச் சொல்லி உத்தரவு வருகிறது. கதவு திறக்கிறது. கோட்டும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டுத் தள்ளாடி வருபவன் கஸ்! பென் அவனைக் குறிபார்த்து நிற்க, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். திரை விழுகிறது. சுட்டானா, இல்லையா? பின்ட்டர் சொல்லவில்லை.

சாப்பாடு அனுப்ப வைத்ததும் கொல்லச் சொன்னதும் ஒரே கீழ்ப்படிதல்தான். முதலில் அதைப் பார்த்துச் சிரித்தோம், பிறகு அதையே பார்த்து நடுங்குகிறோம்.

பின்ட்டர் லண்டன் ஹாக்னியில் யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாக 1930இல் பிறந்தவர். இளமையில் ஃபாசிஸ்டுக் கும்பல்களைத் தெருவிலேயே எதிர்கொண்டவர். கதவுக்கு அப்பால் யார் என்ற அச்சம் அவருக்குக் கற்பனை அல்ல. 2005இல் நோபல் பரிசு பெற்றார், 2008இல் மறைந்தார். மேலிருந்து சீட்டு வந்தால், அனுப்பியது யார் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இந்த நாடகம் போதும்.