லண்டனில் இருந்து வந்த டுவேயும் அம்மாவின் சீலைப் போர்வையும்

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், லண்டனில் இருக்கும் சின்னம்மா அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். சவர்க்காரம், சொக்கிலேற், தைலம் என்று மேலே இருந்தவற்றை எடுத்த பிறகு அடியில் ஒரு பொலித்தீன் பை. காற்றை உறிஞ்சி எடுத்திருந்ததால் அது பலகை போலத் தட்டையாகக் கிடந்தது. வெட்டியதும் மெல்ல மெல்ல உப்பிக் கட்டிலை நிறைத்தது. டுவே. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சோ இறகோ அடைத்துத் தைத்த தடித்த போர்வை. குளிர்நாடுகளில் இருக்கும் நம் உறவுகள் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருள்.

அம்மா இரண்டு இரவுகள்தான் அதைப் போர்த்தினார். மூன்றாம் நாள் காலை, "போர்த்தினால் வேர்த்துக் கொட்டுது, உதறினால் குளிருது. இதை மடிச்சு வை பிள்ளை" என்றார்.

சின்னம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான், எங்கள் காலநிலைக்கு எந்தப் போர்வை சரி என்ற கேள்வி எனக்குள் வந்தது. இது வசதியானவர்களின் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் வன்னியில் தகரக் கூரைக்குக் கீழே மாரியைக் கழிக்கும் முதியவர்களையும், காயங்களோடு வாழ்பவர்களையும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

எங்களுக்கும் குளிர் உண்டு

யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். லண்டன்காரருக்கு அது கோடை. ஆனால் இங்கே குளிர் தனியாக வருவதில்லை. மழையோடும் வாடைக்காற்றோடும் வருகிறது. ஈரமான உடலும் ஈரமான படுக்கையும் சூட்டை விரைவாக இழக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நனைந்தபடி வெளியில் நின்ற மாடுகளுக்கு அந்தக் குளிரே போதுமாக இருந்தது.

மூன்றே மாதங்களில் நிலைமை தலைகீழாகும். பங்குனி, சித்திரையில் ஒரு மெல்லிய பெட்சீட்கூட உடம்பில் ஒட்டும். ஆகவே எங்களுக்கு வேண்டியது கூட்டவும் குறைக்கவும் கூடிய போர்வை.

டுவே எப்படிச் சூடு தருகிறது?

எந்தப் போர்வையும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு எங்கள் உடம்பில் இருந்து வருகிறது. போர்வையின் இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுத்தான் அதை வெளியேறவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் உப்பி நிற்கும் டுவே பாரம் குறைவாக இருந்தும் கூடிய சூடு தருகிறது. நனைந்து கட்டியாகிவிட்டால் காற்றுக்கு இடமில்லை, சூடும் இல்லை.

பிரித்தானியாவில் இந்தத் தடுக்கும் திறனை 'டொக்' என்ற அலகால் அளக்கிறார்கள். 4.5 டொக் கோடைக்கு. 9 முதல் 10.5 வரை இடைப்பட்ட காலத்துக்கு. 13.5 கடும் குளிர்காலத்துக்கு. எங்கள் சாதாரண பருத்திப் பெட்சீட் 1 டொக் அளவுக்குக்கூட வராது. சின்னம்மா அனுப்பியது 13.5. அம்மாவுக்கு ஏன் வேர்த்தது என்பது அந்தச் சிறிய லேபிளைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

'எல்லாப் பருவத்துக்கும்' என்று விற்கப்படும் டுவேயில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. 4.5 டொக் ஒன்று, 9 டொக் ஒன்று என இரண்டு டுவேகள் மூலைகளிலும் ஓரங்களிலும் அழுத்துப் பொத்தான்களால் இணைக்கப்பட்டிருக்கும். கோடையில் மெல்லியது, இலையுதிர்காலத்தில் தடித்தது, பனிக்காலத்தில் இரண்டும் சேர்த்து.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார். எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து தன் பழைய போர்வையை எடுத்து வந்தார். நூல் சீலைகள் இரண்டை மடித்து, ஓரம் சுற்றி ஓடு தையல் போட்டது. கூதல் கூடினால் அதற்கு மேல் இன்னொரு பெட்சீட். "இதைத்தானே நாங்கள் செய்யிறம்" என்றார்.

அவர் சொன்னது சரி. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு எங்களுக்கு நல்லது. இரண்டுக்கும் நடுவே ஒரு காற்றுப் படை நிற்கும். நடுச்சாமத்தில் வேர்த்தால் ஒன்றை விலக்கலாம். தோய்த்தால் ஒரு வெயிலில் காயும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். வாத்து, தாரா ஆகியவற்றின் நெஞ்சுத் தூவி அடைத்தவை மிகவும் இலேசானவை, விலை கூடியவை. ஆனால் ஈரத்தில் கட்டிபட்டுவிடும். எங்கள் மாரியில் காயவைப்பது பெரும்பாடு. பொலியெஸ்ரர் பஞ்சு அடைத்தவை மலிவு, தோய்க்கலாம், விரைவாகக் காயும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விளக்கு வைத்துப் படுக்கும் வீடுகளில் இது கவனம். கம்பளி ஈரத்தை உறிஞ்சியும் சூடு தரும். சிலருக்குத் தோலில் கடிக்கும், பூச்சியும் அரிக்கும். எங்கள் பக்கத்துக்கு எல்லாவற்றிலும் பொருந்துவது பருத்திதான்.

அடுத்து தையல். டுவேயைப் பெட்டி பெட்டியாகத் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சு முழுவதும் கால்மாட்டில் போய்ச் சேரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெறுமையான இடங்கள் தெரியும். கையால் அமத்தி விடுங்கள். உடனே உப்பி எழும்பாவிட்டால் அது பழசு. கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்தி உறை கட்டாயம் வேண்டும். மாரி முடிந்ததும் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். முட்டு வருத்தக்காரருக்கு அதுவே போதும்.

இன்னொன்றை நாங்கள் மறந்துவிடுகிறோம். நிலத்தில் படுப்பவர்களுக்குக் குளிர் கீழே இருந்துதான் வருகிறது. சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே போர்வையைக் கூட்டுவதற்கு முன்னர் கீழே காட்போட் மட்டையும் அதற்கு மேல் இரண்டு பாயும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் முதல் இரவிலேயே தெரியும். மாரிதான் டெங்குக் காலமும் என்பதால் நுளம்பு வலையையும் விடக்கூடாது.

காயப்பட்டவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் முழங்காலுக்குக் கீழே கால் இழந்த அண்ணா ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தேன். "கூதல் வந்தால் இல்லாத கால்தான் முதலில் குத்தும்" என்றார். பாரமான கம்பளி மேலே பட்டாலும் வலிக்குமாம். அவர் பருத்திக் காலுறை ஒன்றை வெட்டி அந்த இடத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு, மேலே இலேசான போர்வை போர்த்துகிறார். பாரம் இல்லாமல் சூடு தரும் மெல்லிய டுவே இப்படிப்பட்டவர்களுக்கு உண்மையாகவே உதவும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. சுடுதண்ணிப் போத்தலைக் காலடியில் வைக்கவே கூடாது. தோல் வேகுவது அவர்களுக்குத் தெரியாது. வேர்வை தங்கும் துணியும், உடம்புக்கு அடியில் சுருண்டு போகும் போர்வையும் படுக்கைப் புண்ணுக்கு வழிவிடும். பருத்தி விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, காலையில் தோலைப் பார்க்க வேண்டும்.

அனுப்புகிறவர்களுக்கு

கடைசியில் சின்னம்மாவுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "2009இல் நீங்கள் முகாமுக்குள்ள மழையில நனைஞ்சு கிடக்கிறியள் எண்டு கேட்ட நேரம் நான் இஞ்ச ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்தனான். அது இன்னும் மனசுக்குள்ள நிக்குது" என்றார்.

அந்தக் கூடாரத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு பெட்சீட் இருந்தது. அதை அவருக்கு நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இருந்து அனுப்ப நினைப்பவர்கள் வடக்குக்கு 4.5 டொக்கை விடக் கூடியதை அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாகப் பருத்திப் போர்வை இரண்டு அனுப்பலாம். அல்லது பெட்டிக்குக் கட்டும் காசை அனுப்பினால் இங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

13.5 டொக் டுவேக்கும் இந்தத் தீவில் இடம் இருக்கிறது. என்னோடு படித்த தோழி ஒருத்தியின் வீடு நுவரெலியாப் பக்கம், தோட்டத்து லயத்தில். அங்கே தை மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். சின்னம்மாவிடம் கேட்டுவிட்டு அதை அவளிடம் கொடுத்தனுப்பினேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்த அவளுடைய அம்மா இப்போது அதைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். அவருக்கு வேர்க்கவில்லையாம். விடியக் காலையில் எழும்ப மனம் வருவதில்லை என்பதுதான் ஒரே முறைப்பாடு. அதைச் சின்னம்மாவிடமும் சொன்னேன்.