காமா நிறமாலைப் பகுப்பாய்வு மென்பொருள்

காமா நிறமாலைப் பகுப்பாய்வு மென்பொருள் என்பது, கதிர் உணரி ஒன்று பதிவு செய்த காமா நிறமாலையைக் கொண்டு, ஒரு பொருளில் எந்தெந்தக் கதிரியக்க ஓரிடத்தான்கள் எவ்வளவு உள்ளன என்று கணிக்க உதவும் கணினி நிரல் ஆகும். உணவு, குடிநீர், மண், துறைமுகச் சரக்கு முதலியவற்றைச் சோதிப்பதில் இது பயன்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் உருவாக்கிய இன்டர்ஸ்பெக் என்னும் திறந்த மூல மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. மென்பொருள் காட்டும் ஓரிடத்தானின் பெயர் ஒரு பரிந்துரை மட்டுமே. அதனை ஏற்பதா என்பதைப் பயனரே நிறமாலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நிறமாலையின் அமைப்பு

நிறமாலை என்பது ஒரு வரைபடம். கிடை அச்சில் சேனல்கள் எனப்படும் சிறு ஆற்றல் பிரிவுகளும், குத்தச்சில் அவை ஒவ்வொன்றிலும் பதிவான எண்ணிக்கையும் குறிக்கப்படும். ஓர் ஓரிடத்தான் தனக்கே உரிய ஆற்றல்களில் உச்சிகளைத் தரும். எடுத்துக்காட்டாக, சீசியம்-137 தரும் உச்சி 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (கி.எ.வோ.) அமையும்.

எல்லா மேடுகளும் உச்சிகள் அல்ல. காமா கதிர் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் உணரியில் இழந்தால், காம்ப்டன் தொடர்ச்சி என்னும் பரந்த பகுதி தோன்றும். சீசியம்-137இல் அது 477 கி.எ.வோ. அருகே முடிகின்றது. சுற்றியுள்ள பொருள்களில் பட்டுத் திரும்பும் கதிர்கள் 184 கி.எ.வோ. அருகே மற்றொரு மேட்டைத் தரும். இதனை வேறோர் ஓரிடத்தானாகக் கொள்ளுதல் புதியவர்களுக்கு நேரும் பிழையாகும்.

பகுப்பாய்வின் படிகள்

1. ஆற்றல் அளவுத்திருத்தம்: அறிந்த உச்சிகளைக் காட்டி, எந்தச் சேனல் எந்த ஆற்றல் என்பதை மென்பொருளுக்கு அறிவித்தல். பொட்டாசு உரத்தில் இயற்கையாக உள்ள பொட்டாசியம்-40 தரும் 1461 கி.எ.வோ. உச்சி இதற்கு ஏற்றது. சோடியம் அயோடைடு உணரியில் வெப்பநிலை மாறினால் உச்சிகள் இடம்பெயரும். ஆதலால் இப்படியை அவ்வப்போது திரும்பச் செய்தல் வேண்டும்.
2. பின்னணி நீக்கம்: மாதிரி இல்லாமல் எடுத்த நிறமாலையை, அளந்த நேரத்திற்கு ஏற்பச் சரிசெய்து கழித்தல்.
3. உச்சி பொருத்துதல்: உச்சியின் மீது மணி வடிவ வளைகோட்டைப் பொருத்தி நிகர எண்ணிக்கையைப் பெறுதல்.
4. கதிரியக்க அளவைக் கணித்தல்: நிகர எண்ணிக்கையை நேரம், உணரியின் திறன், உமிழ்வு நிகழ்தகவு ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தல்.

சீசியம்-137இன் உமிழ்வு நிகழ்தகவு ஏறத்தாழ 0.85. உணரியின் திறன் 0.01 எனவும், 10,000 நொடிகளில் நிகர எண்ணிக்கை 1020 எனவும் கொண்டால், விடை 12 பெக்கரல் ஆகும். மாதிரி அரைக் கிலோ எனில், கிலோவுக்கு 24 பெக்கரல்.

தவறான அடையாளம்

2011இல் நிகழ்ந்த ஃபுக்குசிமா விபத்துக்குப் பின், 2012 ஏப்ரல் முதல் ஜப்பான் பொது உணவுகளுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று சீசியத்திற்கு வரம்பு விதித்தது. விபத்தில் வெளியான சீசியம்-134 தரும் முதன்மை உச்சி 605 கி.எ.வோ. ஆகும். மண்ணில் இயற்கையாகவே உள்ள பிஸ்மத்-214 தரும் உச்சியோ 609 கி.எ.வோ. ஆகும். சோடியம் அயோடைடு உணரியில் இவ்விடத்து உச்சியின் அகலம் ஏறத்தாழ 40 கி.எ.வோ. என்பதால் இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். மென்பொருள் இதனைச் சீசியம் என்று சொல்ல, பயனரும் அப்படியே ஏற்றுக்கொண்டால், உழவரின் நல்ல விளைச்சல் மாசுற்றதாக ஒதுக்கப்படும்.

இதனைத் தீர்க்கத் துணை உச்சிகளைத் தேட வேண்டும். சீசியம்-134 எனில் 796 கி.எ.வோ. உச்சியும் இருக்கும். பிஸ்மத்-214 எனில் 1120, 1764 கி.எ.வோ. உச்சிகளும், அதனோடு சேர்ந்து காணப்படும் ஈயம்-214இன் 352 கி.எ.வோ. உச்சியும் இருக்கும். காலமும் ஒரு சான்று: சீசியம்-134இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 ஆண்டுகள், 10 ஆண்டுகளில் அது முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சீசியம்-137 அக்காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும். எனவே பழைய மாசில் சீசியம்-134 மிகுந்திருப்பதாக மென்பொருள் காட்டினால் ஐயுறுதல் தகும்.

நுண்பிரிதிறன் மிக்க செருமேனிய உணரி 605, 609 உச்சிகளைப் பிரித்துக் காட்டும். ஆயினும் ரேடியம்-226இன் 186.2, யுரேனியம்-235இன் 185.7 கி.எ.வோ. உச்சிகள் அதிலும் ஒன்றுகலந்தே தோன்றும். அங்கும் யுரேனியம்-235இன் 144, 163 கி.எ.வோ. உச்சிகள் உள்ளனவா என்று பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.