நாய் அசுத்தமும் நம் முற்றமும்

தலைப்பைக் கண்டவுடன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பத்திக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் உண்டென்பதை நாம் அறிவோம். தேசத்தின் பெரும் பிரச்னைகள் எத்தனையோ இருக்க, நாய் முற்றத்தில் விட்டுச் செல்லும் மலத்தைக் குறித்தும் ஒரு கட்டுரை வேண்டுமோ என்று அவர்கள் வினவக்கூடும். பொதுமேடையில் சுகாதாரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு வீடு திரும்பும் கனவான்கள் பலர், தம் வாசற்படியருகே கிடப்பதை மிதியாமல் தாண்டிச் செல்லும் வித்தையில் மட்டும் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். இது அவர்களை உத்தேசித்தே எழுதப்படுகிறது.

நம் ஊர்களில் நாய் வளர்க்கும் வழக்கம் புதியதன்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாய்ச் சாதிகளுக்குத் தனிப்பெயர் வைத்துப் போற்றிய நாடு இது. ஆனால் அந்நாட்களில் நாய்க்குக் களமும் காடும் தோட்டமும் இருந்தன. இன்று நகரத்தில் பத்தடி அகலமுள்ள முற்றத்தில், குழந்தை தவழும் இடத்திலேயே நாயும் கட்டுண்டு கிடக்கிறது. சிலர் அதிகாலையில் நாயைச் சங்கிலியிற் பிடித்து வெளியே அழைத்துச் செல்கின்றனர். எங்கே? அடுத்த வீட்டு மதிலோரத்திற்கு! காரியம் முடிந்ததும் வானத்தைப் பார்த்தவண்ணம் திரும்பி விடுகிறார்கள். அந்த அடுத்த வீட்டு அம்மாள் நீர் தெளித்துக் கோலமிட வரும்பொழுது காண்பது யாது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

இது அருவருப்பைப் பற்றிய விஷயம் மட்டுமாயின் நாம் இத்துணை இடத்தைச் செலவிட மாட்டோம். நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழு ஒன்றுண்டு. டாக்ஸோகாரா என்று வைத்தியர்கள் அதனை அழைப்பர். நாய்க்குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்பொழுதே இப்புழுவின் சிசுக்கள் அதன் உடலிற் புகுந்து விடுகின்றன. பிறந்து மூன்று வாரத்திற்குள் குட்டியின் மலத்தில் முட்டைகள் வெளிப்படத் தொடங்கும். ஆகவே, எல்லோரும் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டிதான் கிழநாயைக் காட்டிலும் இவ்விஷயத்தில் அபாயகரமானது. முட்டை கலந்த மண் குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குட் சென்றால், புழுவின் சிசு குடலைத் துளைத்துக்கொண்டு கல்லீரல், நுரையீரல் ஆகிய இடங்களில் அலைகிறது. கண்ணிற் புகுந்தால் பார்வை கெடும். கொக்கிப் புழுவோ வாய்வழி வரவேண்டுமென்று காத்திருப்பதில்லை. ஈரமான மணலில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்தே அது புகுந்து, தோலுக்கடியில் பாம்பு ஊர்ந்தாற்போலச் சிவந்த கோடிட்டுத் தாங்கொணாத அரிப்பை உண்டாக்கும். முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்போர் யார்? குழந்தைகளும், பெருக்க வரும் ஏழைப் பெண்மணியுமே.

இங்கே ஒரு முக்கியமான நுட்பத்தை நம்மவர் கவனித்தல் வேண்டும். டாக்ஸோகாராவின் முட்டை மலத்துடன் வெளிவந்த அன்றே நோய் தரும் வல்லமை பெறுவதில்லை. மண்ணிற் கிடந்து, உள்ளே சிசு முதிர்வதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகின்றது. முதிர்ந்த பின்னரோ வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடிருக்கும். கொக்கிப் புழு அதனினும் விரைவாக, ஒரு வாரத்திற்குள்ளேயே தயாராகி விடும். எனவே அன்றன்று எடுத்து அப்புறப்படுத்தும் முற்றத்திற்கும், “ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று விடப்படும் முற்றத்திற்கும் உள்ள பேதம் வெறும் அழகு பற்றியதன்று. மழை பெய்து மலம் கரைந்து கண்ணுக்கு மறைந்துவிட்டால் சுத்தமாயிற்றென்று நினைப்பது பெரும் பிழை. மறைந்தது மலமேயன்றி முட்டையன்று.

நண்பரொருவர் கேட்டார்: “பசுவின் சாணத்தைக் கரைத்து வாசலில் தெளிக்கிறோமே, நாயின் மலத்திற்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” கேள்வி நியாயமானதே. சாணமும் முற்றும் தீங்கற்றதென்று நாம் சொல்லவில்லை. புண்ணுள்ள காலில் அது படலாகாதென்பது வைத்தியர் அனைவரும் அறிந்தது. ஆயினும் பசு புல் தின்னும் பிராணி. நாயோ மாமிசமும் எச்சிலும் எலியும் தின்பது. மனிதனோடு ஒரே கூரையின்கீழ்ப் படுத்து, தன் புழுக்களையும் அவனுடன் பங்கிட்டுக்கொள்வது. ஆகையால் சாணத்தைப் போல நாய் மலத்தை எருக்குழியில் போட்டுக் கீரைப்பாத்திக்கு இடுவது கூடவே கூடாது. வீட்டு எருக்குழியின் சூடு அம்முட்டைகளைக் கொல்லப் போதுவதில்லை.

செய்யவேண்டிய முறை கடினமானதன்று. நாயை முற்றத்தின் ஒரு மூலையிலேயே பழக்க வேண்டும். நாய் பழக்கத்திற்குக் கட்டுப்பட்ட பிராணியாதலின், உணவிட்ட சிறிது நேரத்தில் ஒரே இடத்திற்கு நாள்தோறும் அழைத்துச் சென்றால் சில வாரங்களில் தானே அங்கு செல்லும். மலத்தின்மீது சாம்பலோ உலர்ந்த மணலோ தூவி, தகட்டால் மண்ணோடு சேர்த்து வாரியெடுத்தல் நலம். ஈர்க்குமாற்றால் தேய்ப்பதும், குழாயைத் திறந்து நீரை அடித்து விரட்டுவதும் அசுத்தத்தை முற்றமெங்கும் பரப்புவதற்கே உதவும். பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் தாராளமாகத் தெளித்துவிட்டு நிம்மதியடைகிறவர்கள், நாற்றம் போனதேயன்றி முட்டை சாகவில்லை என்பதை அறிவார்களாக. கொதிக்கும் நீரும் கடும் வெயிலுமே அதற்குச் சத்துருக்கள். வாரியதைக் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் எட்டத்தில் ஆழமாகக் குழிவெட்டி மூடலாம். முற்றமே இல்லாத மாடிக்குடித்தனக்காரர் காகிதமோ பையோ இன்றி நீர்க்கழிப்பறையில் இடலாம். குட்டிக்கு இரண்டாவது வாரம் முதலே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கவேண்டும். அளவைக் கால்நடை வைத்தியர் கூறுவார்.

எடுப்பது யார் என்பதில்தான் நம் சமூகத்தின் சுயரூபம் வெளிப்படுகின்றது. நாயை வாங்கியவர் எஜமானர். அதனுடன் படம் எடுத்துக்கொள்பவர் அவருடைய குமாரர். அதன் மலத்தை வாருபவளோ மாதச் சம்பளத்திற்குப் பாத்திரம் துலக்க வந்தவள். அவளுக்குத் தகடுமில்லை, கையுறையுமில்லை. தெருவிற் கிடப்பது நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் தலையில் விழுகிறது. மனித மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றிய தேசம் இது. ‘அசுத்தம் செய்வது என் உரிமை, அகற்றுவது பிறர் கடமை’ என்னும் மனோபாவத்தை அச்சட்டங்கள் தொடவில்லை. 1901-ம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸிற்குச் சென்ற காந்தியடிகள், பிரதிநிதிகள் தங்கிய இடத்தின் அசுத்தத்தைத் தொண்டர்களுக்குச் சுட்டிக்காட்டியபொழுது, அது தோட்டியின் வேலை என்று விடை கிடைத்தது. அடிகள் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அதைக் கண்டு வியந்தவர் உண்டு. இன்னொரு துடைப்பம் கேட்டவர் ஒருவருமில்லை.

தெருநாய்களின் பேச்சையும் இங்கு ஒதுக்கிவிட முடியாது. நாயில்லாத வீட்டு முற்றமும் அவற்றால் அசுத்தமாகிறது. 1926-ல் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர், தம் ஆலையில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்வித்ததைக் காந்தியடிகள் கண்டிக்க மறுத்தார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. ‘யங் இந்தியா’வில் அவர் தொடர்ந்து எழுதியதன் சாரம், உடையவனில்லாத நாய்க்குத் தெருவில் ஒரு கவளத்தை எறிந்துவிட்டுப் போவது ஜீவகாருண்யமாகாது, அன்புள்ளவன் அதன் முழுப் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பதே. கொல்லுதல் பற்றிய அவர் கருத்தை இன்று எல்லோரும் ஏற்கமாட்டார்கள்; நமக்கும் அதிற் சம்மதமில்லை. பொறுப்பைப் பற்றிக் கூறியது மட்டும் பழையதாகிவிடவில்லை. 2025-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி டெல்லிப் பிரதேசத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்குமாறு உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட்டு, 22-ந் தேதி அதனை மாற்றி, கருத்தடை செய்து ஊசியிட்டபின் பிடித்த இடத்திலேயே விடலாமென்றும், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாதென்றும், உணவிடுவதற்குத் தனியிடம் குறிக்கவேண்டுமென்றும் கூறிற்று. உணவிடும் இடத்தருகே மலமும் சேரும். அதை வாருவதும் உணவிடுவோரின் கடமை என்று நாம் துணிந்து சொல்வோம்.

அபராதத்தால் பயனுண்டா என்று கேட்பவர்களுக்கு நியூயார்க் நகரத்தின் அனுபவம் உண்டு. 1978-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி முதல், தன் நாயின் மலத்தைத் தானே எடுக்கவேண்டுமென்ற சட்டம் அங்கே அமுலுக்கு வந்தது. நாய் வளர்ப்போர் வெகுண்டெழுந்தனர். போலீஸார் பிடித்தது சிலரையே. ஆனால் எடுக்காமற் போகிறவனை அண்டை வீட்டார் வாய்திறந்து கேட்பதற்கு அச்சட்டம் தைரியம் அளித்தது. வழக்கம் மெல்ல மாறிற்று. நம் தெருக்களில் குறைவாயிருப்பது அந்தக் கேட்கும் துணிவுதான். அடுத்த வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வரக்கூடாதென்று வாய்மூடியிருக்கிறோம். மனஸ்தாபமோ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டேயிருக்கிறது.

வார்டுகளில் ஊழியம் செய்யும் இளைஞர்கள் கொடியும் துண்டுப் பிரசுரமும் எடுத்துச் செல்லும் நேரத்தில், ஒரு தெருவுக்கு ஒரு தகடும் மண்வெட்டியும் வாங்கி வைக்கட்டும்; நாய் வளர்க்கும் வீடுகளை நேரிற் கண்டு பேசட்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். குழி வெட்டுகிறவர்கள் அதற்கு முன்னரே, வெள்ளம் நில்லாத மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து வெட்டிவிடுதல் உசிதம்.