விடியலில் உதிரும் பவழமல்லி

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானா கடைகளிலும் மல்லிகையும் சாமந்தியும் சரம் சரமாகத் தொங்கும். ஆனால், பவழமல்லியை அங்கே காண்பது அரிது. இருட்டத் தொடங்கும்போது மலர்ந்து, விடியலில் உதிர்ந்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும் பூவை யாரால் விற்க முடியும்? பவழமல்லி வேண்டுமென்றால் வீட்டில்தான் வளர்க்க வேண்டும்.

வெள்ளை இதழ்களின் கீழே உள்ள செம்மஞ்சள் காம்பு பவழத்தின் நிறத்தை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. மலாய்மொழியில் இதனைச் செரி காடிங் என்பர். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட அறிவியல் பெயருக்கு ‘இரவில் மலரும் சோக மரம்’ என்பது பொருள். பகலில் பூவின்றி நிற்பதால் அவ்வாறு அழைத்தனர் போலும். காலையில் தரையெங்கும் பூவிரித்து நிற்கும் செடியைச் சோக மரம் என்பது அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை!

பவழமல்லி இலையுதிர்க்கும் பெருஞ்செடி. தமிழ்நாட்டில் வறண்ட காலத்தில் இலைகளை உதிர்த்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும்; மழை வந்ததும் துளிர்த்து, பின்னர்ப் பூக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. நீண்ட வறட்சி இல்லாததால் செடி பெரும்பாலும் பசுமையாகவே இருந்து, ஓங்கி வளர்ந்துகொண்டே போகும். அப்படியே விட்டால் 10 மீட்டர் வரையிலும் உயரக்கூடும். பூக்கள் பெரும்பாலும் கிளை நுனிகளில் தோன்றும். ஆகவே, இங்குக் கவாத்து செய்வது மிக முக்கியம். ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் நீண்ட கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தின் கீழே பல துளிர்கள் கிளைக்கும். துளிர்கள் பெருகினால் பூக்கும் நுனிகளும் பெருகும். வரிசை வீட்டின் சிறிய முற்றத்திலும் செடி அடங்கி நிற்கும்.

விதையிலிருந்தும் கிளைத்துண்டிலிருந்தும் கன்று உருவாக்கலாம். தட்டையான காயினுள் இரண்டு விதைகள் இருக்கும். நாள்தோறும் ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடத்தில், மதிற்சுவரை ஒட்டாமல் கன்றை நட வேண்டும். வேரடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கிள்ளானின் தாழ்வான பகுதிகளில் களிமண் மிகுதி. அங்கு மணலும் மட்கிய உரமும் கலந்து, மண்ணை மேடாக்கி நடுவதே நல்லது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். பெரிய தொட்டியிலும் வளர்க்கலாம். ஆனால், அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிதளவு நீரே போதும்.

தரையில் விழுந்த பூக்களைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது வழக்கம். பவழமல்லி அதற்கு விதிவிலக்கு. இருப்பினும், பலர் மாலையிலேயே செடியின் கீழே தூய துணியை விரித்து வைப்பார்கள். இரவில் மழை வராவிட்டால், காலையில் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கினாலே கூடை நிறைந்துவிடும்.