மூளை பைபாஸ்: பல ஆண்டுகள் கழித்தும் ரத்த நாளப் புடைப்பு வரலாம், தொடர் பரிசோதனை ஏன் அவசியம்?

மூளை பைபாஸ் அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்து, நோயாளி இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிய பின்னரும், ரத்த நாளங்கள் இணைக்கப்பட்ட இடத்தில் 'அனியூரிசம்' எனப்படும் புடைப்பு அரிதாக உருவாகக்கூடும். சில மாதங்களிலோ, பல ஆண்டுகள் கழித்தோ தோன்றும் இது, பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. ஆனால் வெடித்தால், ரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பைபாஸ் எதற்காக?

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் முக்கியத் தமனி சுருங்கினாலோ அடைபட்டாலோ மாற்றுப்பாதை தேவைப்படுகிறது. அதற்காக, தலையின் மேல்தோலுக்கு ரத்தம் அளிக்கும் தமனி ஒன்று, மண்டை ஓட்டில் இடப்படும் திறப்பு வழியாக மூளைத் தமனியுடன் இணைக்கப்படுகிறது. 1967-ம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் அறுவை சிகிச்சை நிபுணர் காஜி யாசர்கில் இதனை முதன்முதலில் மேற்கொண்டார். மூளைத் தமனிகள் படிப்படியாகச் சுருங்கும் மோயாமோயா நோய்க்கு இன்று இது முக்கியச் சிகிச்சையாக உள்ளது.

புடைப்பு உருவாவது ஏன்?

தலைமுடியை விட மெல்லிய நூலால் தமனிகள் தைக்கப்படுகின்றன. தையலின்போது நாளச் சுவரில் ஏற்படும் நுண்ணிய காயம் பின்னாளில் பலவீனமாக மாறலாம். மேலும், தோலுக்கு மட்டும் ரத்தம் அளித்து வந்த சிறு தமனி, மூளையின் தேவையையும் சுமக்கத் தொடங்குகிறது. இணைப்பில் திரும்பும் ரத்த ஓட்டம் சுவரின் ஒரே பகுதியில் தொடர்ந்து மோதும்போது அவ்விடம் புடைக்கிறது. உயர் ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

சிகிச்சையில் உள்ள சிக்கல்

புடைப்பைக் கிளிப் இட்டு அடைக்கலாம். எனினும், மூளையின் ஒரு பகுதி அந்த இணைப்பையே நம்பியிருப்பதால், ரத்த ஓட்டம் தடைபடாமல் அதனைச் செய்வது சவாலானது. சிலருக்கு முதலில் மற்றொரு பைபாஸ் தேவைப்படலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

ரத்த ஓட்டம் சீராக உள்ளதா என்பதுடன், இணைப்பின் சுவரும் ஆராயப்பட வேண்டும். மருத்துவர் குறிப்பிடும் கால இடைவெளியில் சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராம் செய்துகொள்வது அவசியம். தொலைதூர நகரங்களில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் அதன் ஆவணங்களைப் பாதுகாத்து, உள்ளூர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தாமாக நிறுத்தக்கூடாது.

திடீரென மிகக் கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் அல்லது மயக்கம் ஏற்பட்டால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.