மலை இடுக்கில் ஒரு நாள்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வாப்பா, எங்கே போவோம்?" கடற்கரை அலுத்துவிட்டது. நுவரெலியாவுக்குப் போனால் கிரகரி வாவிக்கரையில் கால் வைக்க இடமில்லை. இம்முறை அவர்களை ஒரு மலை இடுக்குக்குள் நடத்திச் சென்று பாருங்கள். தலைக்கு மேலே மரங்களின் கூரை, பக்கத்தில் ஓடை, வழியின் முடிவில் ஒரு குகை. வெயில் தெரியாது. செலவும் பெரிதில்லை.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கிலும் துணையாட்களோடும் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். அவருடைய பயணக் குறிப்பில் வழியெங்கும் குகைகளும் ஊற்றுகளும் வருகின்றன. ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரால் வழங்கிய ஒரு குகையில் யாத்திரிகர்கள் சுமைகளை இறக்கி வைத்துவிட்டு உச்சிக்கு ஏறுவார்களாம். அங்குள்ள ஊற்றில் மீன்கள் நிறைந்திருந்தும் எவரும் பிடிப்பதில்லையாம். அட்டைக்கடியையும் அவர் விடவில்லை. காலில் ஒட்டினால் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார்கள் என்று எழுதுகிறார். அறுநூற்று எண்பது வருடங்களுக்குப் பிறகும் மலையகத்தில் அதே வைத்தியம்தான்! உப்பும் சவர்க்காரமும் மட்டும் கூடச் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் 2,243 மீற்றர் உயரமான அந்த மலையில் கைக்குழந்தையோடும் முழங்கால் நோவுள்ள உம்மாவோடும் ஏற முடியாது. குடும்பத்துக்கு ஏற்றது கித்துல்கலவுக்கு அருகிலுள்ள பெலிலென குகை. ஹட்டனிலிருந்து கினிகத்தேன வழியாகக் கொழும்பு வீதியில் இறங்குங்கள். குளிர் குறைந்து, தேயிலையோடு இறப்பர் மரங்களும் தென்படத் தொடங்கும்போது கித்துல்கல நெருங்கிவிட்டது என்று அறியலாம். அங்கிருந்து கிளைப்பாதையில் சில மைல்கள் போய், வாகனத்தை விட்டுவிட்டுக் காட்டு நிழலில் ஏற வேண்டும். குகை என்றதும் இருட்டுப் பொந்து என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். பெரும்பாறை ஒன்று தாழ்வாரம்போல முன்னே நீண்டு நிற்கிறது. மழை நாட்களில் அதன் விளிம்பிலிருந்து நீர் திரையாக விழும்.

முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். தொல்பொருள் திணைக்களத்தார் தோண்டியபோது மனித எலும்புகளும், விரல் நகம் அளவுக்குச் செதுக்கிய கல்லாயுதங்களும் கிடைத்தன. காட்டுப் பலாவும், கெக்குண கொட்டையும், நத்தையும் அவர்கள் தின்றதற்கு அடையாளங்கள் உண்டு. கடலோரத்திலிருந்து உப்புக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். இத்தனை தூரம் காட்டு வழியே உப்பு எப்படி வந்தது என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதில் பாடப்புத்தகத்தை விட நன்றாக இருக்கும். ஒரு சின்னக் கல்லைக்கூட எடுத்து வர விடாதீர்கள். சுவரில் பெயர் எழுதுவது அறவே கூடாது.

குகைக்குள் உட்கார்ந்து சொல்ல ஸூரத்துல் கஹ்ஃபை விடப் பொருத்தமான கதை ஏது? சூரியன் உதிக்கும்போது குகையின் வலப்புறம் சாய்ந்தும், மறையும்போது இடப்புறம் கடந்தும் போனதாக அல்லாஹ் அதில் கூறுகிறான். அக்குகையின் வாசல் வடக்கு நோக்கி இருந்திருக்க வேண்டும் என்று இப்னு கஸீர் (ரஹ்) விளக்குகிறார். நீங்கள் இருக்கும் குகையின் வாசல் எந்தத் திசை, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். திசை தெரிந்தால் கிப்லாவும் தெரிந்துவிடும். இலங்கையில் அது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. தொழுகை நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். இடுக்குக்குள் வெயில் விழாததால் அஸர் வந்ததே தெரியாமல் போகும்.

இனி, நான் எழுத நினைத்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பம் ஒரு தோட்டத்தின் மேலுள்ள ஓடையில் இறங்கியது. சாப்பிட்டு முடிந்ததும் பெண்கள் புரியாணிச் சட்டியையும் சஹன்களையும் ஓடையில் கழுவினோம். பையன்கள் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்தார்கள். நுரை மிதந்து போனது. கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கீழ எங்க பீலிக்கு இந்தத் தண்ணிதாங்க வருது. பிள்ளைங்க குடிக்கிறது."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்போம். சட்டியை அப்படியே மூடி வானில் ஏற்றினோம்.

மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். இன்றும் பல லயங்களுக்கு மலை ஊற்றும் ஓடையும்தான் தண்ணீர். மேலே நாம் கலப்பது கீழே அவர்களுடைய குடத்தில் விழுகிறது. நீர்த்துறையிலும், நடுவழியிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய மூன்று செயல்களாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மலை இடுக்கில் நீரும் வழியும் நிழலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன! ஆகவே ஹட்டனில் பள்ளிவாசலிலோ சாப்பாட்டுக் கடையிலோ தேவைகளை முடித்துக்கொண்டு புறப்படுங்கள். குழந்தையின் பெம்பர்ஸைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள். வுழூச் செய்ய ஓடும் நீர் தாராளமாகப் போதும், சவர்க்காரம் வேண்டாம். சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் வாழையிலையில் கட்டுங்கள். கழுவ வேண்டிய பாத்திரம் வீட்டுக்கு வரட்டும்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். வட்டவளை, கினிகத்தேன பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஆகஸ்ட் விடுமுறையை அங்கே கழிக்க நினைப்போர் இதைக் கவனிக்கவும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் போவதானால் காலையிலேயே போய் வந்துவிடுங்கள், பிற்பகலில் இடிமழை கொட்டும். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் எறித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் மாறினால், செருப்பைத் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். கித்துல்கலவில் களனி கங்கையில் கால் நனைப்போருக்கு இன்னொன்று: லக்ஷபான, கெனியன், விமலசுரேந்திர நீர்த்தேக்கங்கள் மேலே இருக்கின்றன. வான்கதவு திறக்கும் செய்தி வந்த நாளில் ஆற்றில் இறங்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகச் சரிவுகளை என்ன செய்தது என்பதைக் கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் பிரதேசத்துக்குப் போவதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போடுங்கள்.

நடக்கப் பழகும் குழந்தையும் வயதான உம்மும்மாவும் கூட வந்தால் நுவரெலியா நகரிலேயே கல்வேஸ் லேண்ட் இருக்கிறது. 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசியப் பூங்காவாகவும் ஆன சிறு காடு. குகை கிடையாது. ஆனால் ஓடையும் நிழலும் குருவிச் சத்தமும் உண்டு, இரண்டு கிலோமீற்றர் அளவில் நடைபாதையும் உண்டு. ஹபாயாவின் ஓரம் சேற்றில் இழுபடாமல் கொஞ்சம் உயர்த்தித் தைத்ததை உடுத்துங்கள். வழுக்காத சப்பாத்து அவசியம்.

அட்டையைக் கண்டு அலறும் பிள்ளையிடம் ஆளுக்கு அரை எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுங்கள். பயம் போய், எங்கே அட்டை என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அஸர் தொழுததும் கிளம்பிவிட்டால் பனிமூட்டம் இறங்குமுன் கினிகத்தேனயில் ஆளுக்கொரு இஞ்சிப் பிளேன்டீ குடிக்கலாம்.